இருப்பு: ஒரு நாய்

அந்தக் காப்பகத்தில் நாற்பது கூண்டுகள், பதினோரு அலுவலர்கள், ஒரு நாய். நாயைத் தவிர எல்லோருக்கும் நாற்காலி இருந்தது. கூண்டு கழுவ வரும் அம்மாவை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை, அவர் தினக்கூலி. நாய் பிடிக்கும் வண்டி ஒன்றும் இருந்தது. அதற்கு ஓட்டுநர் இருந்தார், சக்கரம் இல்லை.

இதெல்லாம் தெரியாமல்தான் பல்செட்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே போனார்.

அவர் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் இருபத்தாறு வருடமாகப் பல்செட் செய்கிறவர். நோயாளிகள் முன்னறையோடு போய்விடுவார்கள். அவரிடம் அவர்களுடைய வாயின் அச்சு மட்டும் வெள்ளை மாவுக்கட்டியாக வந்து சேரும். ஊரில் பாதிப் பேரின் சிரிப்பு அவர் கைவேலை. அவர் முகம் யாருக்கும் தெரியாது. மருத்துவமனைச் சுவரில் காப்பகத்தின் விளம்பரம் ஒன்று ஒட்டியிருந்தது. "அன்பான இல்லம் தேடுகிறேன்" என்று எழுதி, கீழே ஒரு பழுப்பு நாயின் படம். இரண்டு வருடமாக அதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒன்று புரிந்தது. பல் போனவர்கள் படம் எடுத்துக்கொள்ளும்போது உதட்டை இறுக்கிக்கொள்வார்கள். அந்த நாயும் அப்படித்தான் வாயை இறுக்கி வைத்திருந்தது.

வீட்டில் அக்காவிடம் சொன்னார்.

"நாயா?" என்றார் அக்கா. "உன் ஒருத்தனை வெச்சு நான் படறது போதாதா?"

அக்கா முப்பத்திரண்டு வருடம் ஓர் அரசு அலுவலகத்தின் ஆவண அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், அவர் அக்காவைக் காரணம் சொல்வார். அக்கா அவரைக் காரணம் சொல்வார்.

காப்பகத்தில் கூண்டு கழுவும் அம்மாதான் அவரை நாற்பதாம் கூண்டுக்கு அழைத்துப் போனார். நாய் மூலையில் நின்றது. முகம் சுவரைப் பார்த்து, உடம்பு சுவரில் சாய்ந்து, நான்கு கால்களும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"படுக்க மாட்டாரா?"

"ஆள் இருந்தா படுக்க மாட்டார் சார். நின்னுக்கிட்டே தூங்குவார். நான் பெரியவர்னு கூப்பிடுவேன். நீங்க உக்காருங்க. அவரைப் பாக்காதீங்க. வேற எதையாவது பாருங்க."

பல்செட்காரர் தரையில் உட்கார்ந்து எதிரே இருந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்தார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் கழித்து அவர் முழங்கை அருகே வெப்பமாக ஒரு மூச்சு வந்தது. ஓரக்கண்ணால் பார்த்தார். கீழ்வரிசையில் முன்பற்கள் நான்கு இல்லை. கோரைப் பற்கள் பாதியாகத் தேய்ந்திருந்தன. கம்பியைக் கடித்தே தேய்ந்தவை. வயது பதினொன்றாவது இருக்கும்.

"இவரையே எடுத்துக்கறேன்" என்றார் குழாயிடம்.

கண்காணிப்பாளர் அவரை உட்கார வைத்து ஒரு விண்ணப்பம் கொடுத்தார்.

"எந்த நாய் வேணும்னு முன்னுரிமைப்படி மூணு எழுதுங்க."

"இருக்கறதே ஒண்ணுதானே சார்."

"அது எங்க நிலைமை. நான் கேக்கறது உங்க விருப்பத்தை."

பல்செட்காரர் மூன்று கட்டங்களிலும் நாற்பது, நாற்பது, நாற்பது என்று எழுதினார். கண்காணிப்பாளர் அதை வெகுநேரம் படித்தார்.

"முதல் விருப்பத்துலயே உங்களுக்கு நாய் கிடைச்சுட்டா மத்த ரெண்டு விருப்பமும் நிறைவேறாமப் போயிடும். நிறைவேறாத விருப்பத்தோட ஒருத்தர்கிட்ட நாயை ஒப்படைக்க முடியாது. நாளைக்கே நீங்க மனசு மாறிட்டீங்கன்னா?"

"அதே நாய்தானே சார் எழுதியிருக்கேன்."

"அதான் சொல்றேன். உங்களுக்கே தெளிவு இல்ல. ஆலோசகரைப் பாருங்க."

மன ஆலோசகர் மெல்லிய குரல் உள்ளவர். நாய்களுக்கான மன ஆலோசகர்தான். ஆனால் நாற்பதாம் எண் தன்னிடம் வாய் திறப்பதில்லை என்பதால், விண்ணப்பிக்க வருகிறவர்களிடம் பேசித் திறமையைத் துருப்பிடிக்காமல் காத்துவந்தார். பல்செட்காரரின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தார். வியர்த்திருந்தது.

"உங்களைச் சின்ன வயசுல யாராவது விட்டுட்டுப் போயிருக்காங்களா?"

"ஒரு தடவை பஸ்ல விட்டுட்டாங்க. அடுத்த நிறுத்தத்துல வந்து எடுத்துக்கிட்டாங்க."

ஆலோசகர் வருத்தத்தோடு எழுதிக்கொண்டார். "நாய்க்கும் பதற்றம், உங்களுக்கும் பதற்றம். ஒரு வீட்டுக்கு ஒரு பதற்றம்தான் அனுமதி. நீங்க ஆறு வாரம் நிதானப் பயிற்சிக்கு வரணும்."

பயிற்சி நூறு நாற்காலி போட்ட அரங்கில் நடந்தது. மாணவர் அவர் ஒருவர்தான். கூட்ட நெரிசலைத் தவிர்க்கக் கடைசி வரிசையில் உட்காரச் சொன்னார்கள். மூச்சை உள்ளே இழுக்க ஒரு அதிகாரி வந்தார். வெளியே விட வேறொரு அதிகாரி. இரண்டாமவர் விடுப்பில் இருந்த வாரம் பல்செட்காரர் மூச்சை இழுத்ததோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். நான்காவது வாரம் பெரியவரைப் பாடப்பொருளாகக் கொண்டுவந்து மேடையில் நிறுத்தினார்கள். "இதுதான் பதற்றம்" என்று பிரம்பால் சுட்டிக்காட்டினார் அதிகாரி. பிரம்பைக் கண்டதும் பெரியவர் மேடைத் திரைக்குப் பின்னால் போய்ச் சிறுநீர் கழித்தார். "இது அதன் முற்றிய நிலை" என்று விளக்கம் தொடர்ந்தது.

ஆறாவது வாரம் சான்றிதழ் கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு நாற்பதாம் கூண்டுக்குப் போனபோது பெரியவர் இருமிக்கொண்டிருந்தார். ஊறவைத்த ரொட்டி தொடப்படாமல் கிடந்தது.

"நாலு நாளா இப்படித்தான் சார்" என்றார் அம்மா. "டாக்டர் வேலை காலியா இருக்கு. சீக்கிரம் கூட்டிட்டுப் போயிடுங்க. இவங்களை நம்பினா கதைக்கு ஆகாது."

"ஏம்மா இப்படி இழுக்கறாங்க?"

"இவர் போயிட்டா இங்க வேற நாய் ஏது? நாய் இல்லாத காப்பகத்தை இழுத்து மூடிடுவாங்கல்ல. பதினோரு பேரும் எங்க போறது?"

"நீங்க?"

"முதல்ல போறது என் வேலைதான். போகட்டும். நான் வேற எங்கயாவது தரை துடைப்பேன். தரை எங்கதான் இல்ல. இவருக்குத்தான் வேற இடமில்ல."

பல்செட்காரர் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அக்கா கேட்டதற்கு ஒரு வார்த்தைதான் சொன்னார்: "இருமறார்."

வீட்டுத் தணிக்கைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் சுவரை அளந்தார், ஒருவர் அளந்தவரைக் குறிப்பெடுத்தார். மூன்றாமவர், தணிக்கை அதிகாரி, காலணியைக் கழற்றி வைத்துவிட்டு நான்கு காலில் இறங்கினார்.

"என்ன தேடறீங்க?" என்றார் அக்கா.

"தேடல மேடம். இப்ப நான் நாய். நாயோட பார்வையில வீடு எப்படி இருக்குன்னு பாக்கறேன். நீங்க பாட்டுக்கு இருங்க."

அவர் கூடத்தைச் சுற்றி, சமையலறையை மோப்பம் பிடித்து, சாப்பாட்டு மேசைக்கடியில் நுழைந்தார். வெளியே வரும்போது தலையில் நன்றாக இடித்துக்கொண்டார். அக்கா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் தரையில் வைத்தார். வெயிலில் வந்தவர், கையால் எடுத்துக் குடிப்பதா, பணிமுறைப்படி குடிப்பதா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எழுந்துவிட்டார்.

அறிக்கை பத்து நாளில் வந்தது. "வீடு நாய்க்கு விரோதமான மேசை உடையது. மேலும், கடந்த மூன்று மாதங்களில் இவ்வீட்டில் நாய் எதுவும் வளர்க்கப்படவில்லை. நாய் வளர்த்து முன்னனுபவம் இல்லாத வீட்டுக்கு நாய் வழங்க இயலாது. நிராகரிக்கப்படுகிறது."

அக்கா அதை இரண்டு முறை படித்தார். அவருக்கு நாய் வேண்டாம். ஆனால் அந்தத் தாளில் எந்த விதியின் கீழ் நிராகரிக்கப்பட்டது என்ற எண் இல்லை. முப்பத்திரண்டு வருட வேலையில் எண் போடாத தாள் ஒன்று அவர் கையைத் தாண்டியதில்லை.

"யாருடா இதை எழுதினது?" என்று கண்ணாடியைத் துடைத்தார். "காலையில நானும் வரேன்."

இயக்குநரின் அறைக்கு வெளியே அவர்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். கண்காணிப்பாளரின் மேசைக்கு எதிரே பெஞ்சு. மேசையில் வருகைப் பதிவேடு திறந்து கிடந்தது. எழுத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகப் படிப்பது ஆவண அறைக்காரர்களுக்குக் கைவந்த கலை. அக்கா ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

இயக்குநர் நல்ல மனிதர். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கேடயம் மாட்டியிருந்தது. பல்செட்காரர் சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுப் பேசினார்.

"நான் உங்களை மாதிரி நாயை நேசிக்கிறவன் சார். சொல்லப்போனா உங்களைவிட. உங்களுக்கு ஒரு நாய் போதும். எனக்கு நாயினமே வேணும். நான் இங்க வந்தப்ப நிலைமை என்ன தெரியுமா? முப்பத்தேழு நாய் இருந்த இடத்துல ஒண்ணுதான் மிச்சம். எனக்கு முன்னாடி இருந்தவர் கேட்டவங்களுக்கெல்லாம் தூக்கிக் குடுத்துட்டார். நிர்வாகம்னா என்னன்னே தெரியாத மனுஷன். நான் பொறுப்பேத்து அஞ்சு வருஷம் ஆச்சு. ஒரு நாய், ஒரே ஒரு நாய்கூட என் கையை விட்டுப் போகல. அதுக்குத்தான் இந்தக் கேடயம்."

"இது அன்பான இல்லம் தேடறதா விளம்பரம் போட்டிருக்கீங்களே" என்றார் பல்செட்காரர்.

"தேடறோம் சார். தேடறதுதான் எங்க வேலை. கிடைச்சுட்டா அப்புறம் என்னத்தைத் தேடறது? எல்லாரும் நாய்க்கு வீடு இல்ல, வீடு இல்லங்கறாங்க. நாய் போயிட்டா எங்க பதினோரு வீடு என்ன ஆகும்னு யாராவது யோசிக்கறாங்களா?" அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியது. "அந்த நாய் நன்றியுள்ளது. அதுக்கு இது புரியும்."

பல்செட்காரர் எழுந்துகொண்டார். அக்கா எழவில்லை.

"நீங்க சொல்றது நியாயம்தான் சார்" என்றார். "நாய் உங்க பேர்லயே இருக்கட்டும். ஒரே ஒரு சந்தேகம். உங்க வருகைப் பதிவேட்டுல பன்னெண்டாவது வரியில இருக்கறது யாரு?"

கண்காணிப்பாளரைக் கூப்பிட்டார்கள். அவர் விளக்கினார். ஒரேயொரு நாய்க்காகத் தனிப் பதிவேடு எதற்கு என்று சிக்கனம் கருதி, அலுவலர்களின் பதிவேட்டிலேயே கடைசி வரியில் சேர்த்திருந்தார். ஐந்து வருடமாகத் தினமும் காலை பத்து மணிக்கு 'வந்துள்ளார்' என்று அதற்கும் குறி போட்டு வந்தார்.

"சனி ஞாயிறுகூட வந்திருக்கார்" என்றார் அக்கா. "அஞ்சு வருஷத்துல ஒரு நாள் லீவு எடுக்கல. மேல இருக்கற பதினோரு வரியில அப்படி யாரும் இல்ல. நான் பாத்துட்டேன். வருஷத்துக்கு முப்பது நாள்னு வெச்சாலும் நூத்தைம்பது நாள் ஈட்டிய விடுப்பு சேர்ந்திருக்கு. லீவுல போனாலும் ஆள் உங்க பதிவேட்டுலதானே இருப்பார்? இருப்பு குறையாது. காப்பகம் மூடாது. கேடயமும் அங்கயே தொங்கும்."

இயக்குநர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் விதிப்புத்தகத்தைப் பார்த்தார்.

"நாய்க்கு லீவு குடுக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல சார்" என்றார் மெதுவாக.

"நானும் மனுஷன்தான்" என்றார் இயக்குநர். "அஞ்சு வருஷம் உழைச்சவருக்கு லீவு மறுக்கறதா?"

விண்ணப்பத்தை அக்காவே எழுதினார். காரணம்: சொந்த வேலை. விடுப்புக்கால முகவரி: வீட்டு விலாசம். கையெழுத்துக்குப் பதிலாகப் பெரியவரின் முன்பாதத்தை மையில் தோய்த்துத் தாளில் ஒற்றினார்கள். கூண்டு கழுவும் அம்மா பாதத்தைப் பிடித்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் உத்தரவு வந்தது. "நூற்றைம்பது நாள் ஈட்டிய விடுப்பு, தலைமையிடத்தை விட்டு வெளியேறும் அனுமதியுடன், வழங்கப்படுகிறது."

பத்து நிமிட நடைத் தூரத்தில் இருந்த வீட்டுக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. நின்றுகொண்டிருந்த ஒவ்வொரு வாகனத்தையும் பெரியவர் எதிர்ச்சாரிக்குப் போய்ச் சுற்றி வந்தார். ஒரு குடை விரிந்ததும் திரும்பிக் காப்பகத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார். பல்செட்காரர் கயிற்றை இழுக்கவில்லை. கூடவே திரும்பி நடந்து, குடை போனதும் மறுபடி கூடவே திரும்பினார்.

வீட்டுக்குள் வந்ததும் பெரியவர் குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் இடையே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார். மாலைவரை நின்றார்.

"சுவர் விழுந்துடும்னு தாங்கிக்கிட்டு நிக்குதா?" என்றார் அக்கா.

மருத்துவரிடம் காட்டி இருமலுக்கு மருந்து வாங்கினார்கள். ஆனால் யாராவது பார்த்தால் பெரியவர் சாப்பிட மாட்டார். அதனால் பல்செட்காரர் தன் தட்டை எடுத்துக்கொண்டு ஒரு சுவர்ப் பக்கம் திரும்பினார். அக்கா முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு சுவர்ப் பக்கம் திரும்பினார். மூன்று பேரும் மூன்று சுவர்களைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். இப்படிப் பதினெட்டு நாள். வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி, அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று தெரு முழுக்கச் சொன்னார்.

கூண்டு கழுவும் அம்மா தினமும் மதியம் வந்தார். காப்பகத்தில் அவர் வேலை போகவில்லை. விடுப்பில் இருப்பவரின் கூண்டைக் கழுவாதே என்று யாரும் உத்தரவு போடவில்லை. நாற்பதாம் கூண்டைக் கழுவி, தண்ணீர் வைத்துவிட்டு, இங்கே வந்து அக்காவோடு தேநீர் குடிப்பார்.

பத்தொன்பதாம் நாள் மதியம் அக்கா விடுப்பு விதிகளைச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஏற்ற இறக்கம் இல்லாத குரல். ஆவண அறையில் பழகியது. "பிரிவு பதினாலு, உட்பிரிவு இரண்டு" என்று படிக்கும்போது கால் அருகே பொத்தென்று ஒரு சத்தம். பெரியவர் படுத்திருந்தார். பக்கவாட்டில், நான்கு கால்களையும் நீட்டிப் போட்டு.

"நிறுத்தாதீங்கக்கா" என்று அம்மா உதட்டசைத்தார்.

அக்கா நிறுத்தவில்லை. புத்தகம் முடியும்வரை படித்தார். பின்னிணைப்பையும் அச்சிட்டவரின் முகவரியையும் படித்தார். பல்செட்காரர் வேலையிலிருந்து வந்து வாசலில் நின்றபோது, "அப்படியே நில்லு" என்று அதே குரலில், விதி படிப்பதுபோலவே சொன்னார். அவர் செருப்போடு நின்றார்.

நூற்றைம்பது நாளும் முடிந்தது. பணிக்குத் திரும்பும்படி குறிப்பாணை வந்தது. பல்செட்காரர் தன் முதலாளியான பல் மருத்துவரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் பெரியவரின் வாயைப் பார்த்து, "கீழ்வரிசையில் நான்கு பற்கள் இல்லை. மென்று உண்ண இயலாது. பணிக்குத் தகுதியற்றவர்" என்று உண்மையை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டார். மருத்துவ விடுப்பு வழங்கப்பட்டது. உத்தரவின் அடியில், விரைவில் நலம் பெற வாழ்த்துவதாக இயக்குநர் தன் கைப்பட எழுதியிருந்தார்.

அந்தச் சமயம் பார்த்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி சோதனைக்கு வந்தார். நடந்ததைக் கூண்டு கழுவும் அம்மாதான் வந்து சொன்னார்.

பெரிய அதிகாரி நாற்பது கூண்டுகளையும் பார்த்தார். நாற்பதும் பளிச்சென்று காலி.

"நாய் எங்க?"

இயக்குநர் வியர்வையைத் துடைத்தார். "லீவுல இருக்கு சார்."

"எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கா?"

பதிவேட்டையும் விண்ணப்பத்தையும் சான்றிதழையும் காட்டினார்கள். பெரிய அதிகாரி ஒவ்வொன்றாகப் படித்தார்.

"மேல இருக்கற பதினோரு பேர்ல அஞ்சு பேர் இன்னிக்கு எழுதிக்கூடக் குடுக்காம வரல. பன்னெண்டாவது ஆள் பரவால்ல" என்றார். பிறகு குரலை உயர்த்தினார். "ஆனா இத்தனை மாசமா ஒருத்தர் லீவுல இருக்கார், பதிலாள் போடாம என்ன நிர்வாகம் பண்றீங்க?"

அதற்கு முந்தின நாள் மழையில் ஒரு கிழட்டுக் கறுப்பு நாய் காப்பகத்தின் வாசலில் வந்து ஒண்டியிருந்தது. வண்டியில் பிடித்து வராத நாயைச் சேர்க்க முடியாது என்று காவலர் அதை மூன்று முறை விரட்டியிருந்தார். பெரிய அதிகாரி கேட்ட பத்தாவது நிமிடம் அது முப்பத்தொன்பதாம் கூண்டில் இருந்தது. பதிவேட்டில் பதின்மூன்றாவது வரி போட்டாகிவிட்டது.

"எப்படி இருக்கார்?" என்றார் அக்கா.

அம்மா தேநீரைத் தொடவில்லை. "ஒரு கண்ணு தெரியலக்கா. கிட்டப் போனா தரையோட தரையா ஒட்டிக்கறார். ராத்திரி பூரா அழுதிருக்கார்னு காவலர் சொல்றார். இவருக்கு எத்தனை மாசத்துல லீவு சேரும்?"

"பதிலாளுக்கு லீவு கிடையாது."

பல்செட்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. விதிப்புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெகுநேரம் பக்கம் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"புதுசா வர்ற பதிலாள், தான் யாருக்குப் பதிலா வந்தாரோ அவர்கிட்ட வேலை பழகிக்கணும். அவர் எங்க இருக்காரோ அங்க போய்ப் பழகலாம். கால வரம்பு போடல." புத்தகத்தை மூடினார். "தம்பி, ஒரு வெள்ளைத் தாள் எடு. அப்படியே குளிர்பெட்டியை இன்னும் ஒரு முழம் முன்னாடி நகர்த்திடு. அந்தச் சந்துல ரெண்டு பேர் நிக்க முடியாது."

பல்செட்காரர் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இவர் என்னக்கா வேலை பழக்குவார்?"

பெரியவர் மேசைக்கடியில் மல்லாந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. போன பற்களின் இடமெல்லாம் தெரிய, மெலிதாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்தாத் தெரியல?" என்றார் அக்கா. "சத்தம் போடாதே."